ஒரு பழைய மோடமும் நான் கொடுத்த தண்டனையும்



இந்த முறை கணினியைப் பற்றி எழுதுகிறேன். "ரிட்டையர் ஆன டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை" என்று சிரிக்க வேண்டாம். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இதில் இருக்கிறது.

பொங்கலுக்குத் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு லினக்ஸில் வேலை. எனக்கு அது புரிந்ததே இல்லை. "என்னதான்டா செய்றே, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றேன்.

"போர்டுல என்னென்ன இருக்குன்னு கெர்னலுக்கு எழுதிக் குடுக்கிறேன் பெரியம்மா."

"ஏன், கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற சாமான் அதுக்கே தெரியாதா?"

"தெரியாது பெரியம்மா. யாராவது சொன்னாத்தான் தெரியும்."

கெர்னல் என்பது கணினியின் மென்பொருளில் அடித்தளமான பகுதி. நாம் பார்க்கும் திரை, எழுத்து, படம் எல்லாவற்றுக்கும் கீழே இருந்துகொண்டு வன்பொருளை நேரடியாக ஆள்வது அதுதான். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் அது புதிதாகப் பொறுப்பேற்கிறது. நேற்று என்ன இருந்தது என்ற நினைவு அதற்கு இருப்பதில்லை. மாறுதலில் வரும் தலைமை ஆசிரியர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவருக்குத் தினமும் மாறுதல்!

புதுத் தலைமை ஆசிரியர் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டால் போதும். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்துவிடும். பெஞ்சும் உலக உருண்டையும் பீரோவும் குரல் கொடுக்காது. அதற்குத்தான் ஸ்டாக் ரெஜிஸ்டர். பொறுப்பை ஒப்படைக்கிறவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வன்பொருளிலும் இப்படிக் குரல் கொடுக்கிற சாதியும் கொடுக்காத சாதியும் உண்டாம்.

பையிலிருந்து ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை எடுத்தான், கொஞ்சம் பழைய மாடல். அதில் நேரம் காட்டும் கடிகாரம் கிடையாதாம். தனியாக ஒரு கடிகாரச் சில்லை இரண்டு கம்பியில் இணைத்திருந்தான். அந்தக் கம்பியில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு எண். இந்தக் கடிகாரத்துக்கு 68. கெர்னல் "68" என்று கூப்பிட்டால் "இருக்கிறேன்" என்று மட்டும் பதில் வரும், யார் என்று வராது. அசைவை அளக்கிற ஒரு சில்லும் அதே 68-ல்தான் வழக்கமாக உட்காருமாம். இரண்டில் எது இருக்கிறது என்று ஆள் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினான். திரும்பப் போட்டதும் கடிகாரம் ஓடியது.

"இப்பவே இப்படின்னா அந்தக் காலத்துல எப்படிடா?" என்று கேட்டேன். மூன்று நாள் அவனை விடவில்லை. அவன் சொன்னதையும் அதற்குப் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் மதர்போர்டில் நீளமான சொருகுவாய்கள் இருந்தன. எந்தக் கம்பெனி செய்த கார்டையும் வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். அந்தக் கணினி உலகம் முழுக்கப் பரவியதற்கு இது பெரிய காரணம். பின்னால் வந்த தலைவலிக்கும் இதுதான் காரணம்.

ஒரு கார்டு வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அதை எந்த எண்ணில் கூப்பிடுவது என்ற முகவரி. இன்னொன்று, அது நடுவில் கூப்பிட வேண்டுமானால் எந்த மணியை அடிப்பது என்பது. இந்த மணிக்கு இண்டரப்ட் என்று பெயர். முதல் கணினியில் மொத்தமே எட்டு மணி. ஒன்று நேரக் கணக்குக்கு, ஒன்று விசைப்பலகைக்கு, ஒன்று ஃபிளாப்பிக்கு என்று ஏற்கெனவே பங்கு போய்விட்டது. 1984-ல் வந்த ஏ.டி. மாடலில் இன்னொரு எட்டு மணிச் சில்லைச் சேர்த்தார்கள். இரண்டு சில்லையும் இணைக்கவே ஒரு மணி செலவாகி 15 மிஞ்சியது.

ஒரு மணியை இரண்டு கார்டு பங்குபோட்டுக்கொள்ள முடியாது. பள்ளி அலுவலகத்தில் ஒரே காலிங் பெல்லுக்கு இரண்டு அறையிலிருந்து கம்பி இழுத்ததாக நினைத்துப் பாருங்கள். ஒருவர் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், அடுத்தவர் அழுத்துவது பியூனுக்குத் தெரியவே தெரியாது. கார்டு விஷயத்திலும் அதேதான் நடந்தது.

எந்தக் கார்டுக்கு எந்த முகவரி, எந்த மணி என்பதைக் கணினி தீர்மானிக்காது. கார்டில் குண்டூசி மாதிரி கம்பிகள் நிற்கும். அதன்மேல் ஜம்பர் என்ற சின்ன பிளாஸ்டிக் தொப்பியைக் கையால் மாற்றிப்போட வேண்டும். பிறகு ஒவ்வொரு மென்பொருளிடமும் போய்ச் சொல்ல வேண்டும். உங்களில் முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பழைய விளையாட்டுகள், சவுண்ட் கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்கும். முகவரி 220, மணி 5, டி.எம்.ஏ. 1 என்று மந்திரம் மாதிரி சொல்வோம். ஏன் அந்த எண் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

சீரியல் போர்ட் என்று இன்னொன்று உண்டு. அந்த நாளில் மவுசும் மோடமும் அதில்தான் வரும். முதல் போர்ட்டுக்கு மணி 4, இரண்டாவதற்கு 3. பிறகு மூன்றாவதும் நான்காவதும் தேவைப்பட்டபோது வேறு மணி இல்லை. அதனால் மறுபடியும் 4, மறுபடியும் 3. இந்த நான்கு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 4, 3, 4, 3.

இப்போது நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

2001 என்று நினைக்கிறேன். வெளியூரில் இருந்த பழைய மாணவர் ஒருவர், தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி ஒன்றை நமக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு அட்டைப்பெட்டியில் மோடம் கார்டு. தொலைபேசி தலைமை ஆசிரியர் அறையில் மட்டும் இருந்ததால் கணினியையும் அங்கேயே வைத்தோம். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், வீட்டில் ரேடியோ ரிப்பேர் பார்த்துப் பழகியவன். "நான் மாட்டட்டுமா டீச்சர்" என்றான். நான்தான் சரி என்றேன். கச்சிதமாகத்தான் மாட்டினான்.

மறுநாள் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் வருகை. அவர் முன்னால் இன்டர்நெட் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. டயல் செய்யும் பொத்தானை அழுத்தினேன். மோடம் கீச்கீச் என்று கத்தியது, மவுஸ் அப்படியே நின்றுவிட்டது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே கதி. பெரியவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். எனக்கு அவமானம்.

அந்தப் பையன் என்னிடம் வந்து சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "டீச்சர், போனைத் தொடாம இருந்தா மவுஸ் நல்லா ஓடுது டீச்சர். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிக்குது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செய்றதையும் செஞ்சுட்டு எதிர்த்துப் பேசுறியா?" என்றேன். வருடம் முடியும்வரை அவன் கணினியைத் தொடக்கூடாது என்றேன். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். டவுனிலிருந்து வந்த மெக்கானிக் கார்டைக் கழற்றிவிட்டு, "கார்டு போயிடுச்சு, மாட்டினவன் கெடுத்துட்டான்" என்று 150 ரூபாய் கேட்டார். அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வந்திருந்த அந்த அப்பா அந்தப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இதை இப்படியே வைத்துவிட்டு வரலாற்றுக்குத் திரும்புகிறேன்.

1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தன்னுடைய 386 கணினிக்காக எழுத ஆரம்பித்ததுதான் லினக்ஸ் கெர்னல். அவர் கணினிக்கு மட்டும் என்றால் கஷ்டமில்லை, அதில் இருப்பது அவருக்குத் தெரியும். சீக்கிரமே உலகத்தில் யார் யாரோ தங்கள் கணினியில் போட ஆரம்பித்தார்கள். யார் வீட்டில் என்ன கார்டு, ஜம்பர் எங்கே என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? அதனால் அது தட்டிப் பார்த்தது. 300 என்ற முகவரியில் எதையாவது எழுதிப் பார்த்து, வரும் பதிலை வைத்து "இது நெட்வொர்க் கார்டாக இருக்கலாம்" என்று ஊகித்தது.

சில கார்டுகள் தட்டினால் தாங்காது என்பதுதான் வம்பு. நெட்வொர்க் கார்டைத் தேடி ஒரு முகவரியில் எழுதும்போது அங்கே வேறு ஏதாவது கார்டு உட்கார்ந்திருந்தால் கணினியே உறைந்து நின்றுவிடும். எழுப்புவதற்காகத் தொட்டால் மயங்கி விழுகிற பிள்ளையை என்ன செய்வது? அதனால் கெர்னலிடம் "இந்த முகவரிப் பக்கம் போகாதே" என்று சொல்ல ஒரு கட்டளையும், "கார்டு இந்த முகவரியில், இந்த மணியில் இருக்கிறது" என்று சொல்ல இன்னொரு கட்டளையும் வைத்தார்கள். கணினி எழும்போது ஆள் தட்டச்சு செய்ய வேண்டும். என்.இ.2000 என்ற மலிவான நெட்வொர்க் கார்டு அப்போது எங்கும் இருந்தது. அதன் மென்பொருளைத் தனித் துண்டாக ஏற்றினால், முகவரியை நீயே சொல் என்று கேட்டு நிற்கும், ஊகிக்க மறுத்துவிடும். சீரியல் போர்ட்டுக்கும் 'செட்சீரியல்' என்று ஒரு சின்ன நிரல் இருந்தது. "மூன்றாவது போர்ட் 4-ல் இல்லை, 5-ல் இருக்கிறது" என்று அதன் மூலம் கெர்னலுக்குச் சொல்லலாம்.

கார்டே குரல் கொடுத்தால் என்ன என்ற யோசனை வராமல் இல்லை. 1985-ல் அமிகா கணினியிலேயே அது இருந்தது. ஐ.பி.எம். வகைக் கணினிகளில் 1992-ல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ.தான் நிலைத்தது. அதில் ஒவ்வொரு கார்டும் தன்னைச் செய்த கம்பெனியின் எண்ணையும் தன் மாடல் எண்ணையும் உள்ளேயே வைத்திருக்கும். கேட்டால் சொல்லும். இன்டெலின் கம்பெனி எண் 8086, அவர்களுடைய பழைய புகழ்பெற்ற சில்லின் பெயர். எனக்கு இது பிடித்திருந்தது, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது, செருகினால் போதும், வேலை செய்யும் என்றார்கள். செருகிவிட்டுக் கும்பிட வேண்டும் என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். 1998 ஏப்ரலில் சிகாகோவில் பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, ஸ்கேனரைச் செருகிக் காட்டிய விண்டோஸ் 98 நீலத்திரை காட்டி விழுந்தது. கூட்டம் சிரித்தது. அதிகாரி முன்னால் விழுந்தது நம் பள்ளிக் கணினி மட்டும் இல்லை என்று இப்போதுதான் ஆறுதல்!

ஸ்டாக் ரெஜிஸ்டரை ஒழுங்காக எழுதும் வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1989-ல் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் கணினியில், மிட்ச் பிராட்லி என்பவர் உருவாக்கிய ஓப்பன்பூட் என்ற நிரல் இருந்தது. கணினி எழுந்ததும் முதலில் ஓடுவது அது. உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு மரமாக அடுக்கிக் கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். வேர் மதர்போர்டு, கிளைகள் பாதைகள், நுனியில் சாதனங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர், முகவரி, மணி. 1994-ல் இது ஐ.ஈ.ஈ.ஈ. 1275 என்ற தரமாயிற்று. ஆப்பிளின் பவர் மேக்கிண்டோஷும் இதை எடுத்துக்கொண்டது. ஏழைக் குழந்தைகளுக்கென்று செய்த பச்சை வெள்ளை மடிக்கணினி ஒன்று 2007 வாக்கில் பேசப்பட்டதே, அதிலும் இதே மிட்ச் பிராட்லியின் கைவேலைதான்.

இப்படி ஒப்படைக்கிற ஆள் இல்லாத சின்னப் போர்டுகளுக்கு, மரத்தைத் தட்டையாக ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று 2005 வாக்கில் பவர்பிசி லினக்ஸ்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள். டிவைஸ் ட்ரீ என்பது இதுதான். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு சாதனத்துக்கு ஒரே பெயர் போடாமல் வரிசையாகப் போடலாம். முதலில் அதன் சொந்த மாடல் பெயர், அது கெர்னலுக்குத் தெரியாவிட்டால் அடுத்து அதற்கு ஒத்துப்போகும் பழைய சில்லின் பெயர். ஊரில் புதுப் பையனைப் பார்த்து "யாருப்பா நீ" என்று கேட்டால், பெயர் சொல்லிப் புரியாதபோது "இன்னார் பேரன்" என்று சொல்லுவான், உடனே புரிந்துவிடும். அதே முறை.

உங்கள் கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சில்லுகளில்தான் நிலைமை மோசமாகியது. ஆர்ம் பிறந்தது இங்கிலாந்தின் ஏக்கார்ன் கம்பெனியில், 1985-ல். 1984-ல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற கணினி வந்ததே, அதைச் செய்த அதே ஏக்கார்ன். ஆர்ம் வடிவத்தை வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி சாதனங்களை ஒவ்வொரு முகவரியில் வைத்தது. எனவே லினக்ஸில் ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக நிரல் எழுதிச் சேர்த்தார்கள். ரஸ்ஸல் கிங் என்பவர் பேரேடு வைத்துப் போர்டுக்கு ஒரு எண் கொடுத்துக்கொண்டிருந்தார். பேரேடு நீண்டுகொண்டே போயிற்று. 2011-ல் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, இந்தக் குப்பையை இனிமேல் ஏற்க முடியாது என்ற பொருளில் கடுமையாக எழுதிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஆர்ம் போர்டுகளும் டிவைஸ் ட்ரீக்கு மாறின. என் தங்கை மகனுக்குச் சோறு போடுவது அந்தக் கோபம்தான்.

மாறாத பழைய போர்டுகள் என்ன ஆயின? 2022-ல் ஆர்ண்ட் பெர்க்மான் என்பவர் அவற்றுக்கு ஒரு பட்டியல் எடுத்தார். யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா, சொல்லுங்கள் என்று கேட்டார். நம் அரசு அறிவிப்பில் "ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும்" என்று வருமே, அது போல. குரல் வந்த போர்டுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை 2023-ல் நீக்கினார்கள். டோர்வால்ட்ஸ் தொடங்கிய 386-க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். அதற்காக அவர் வருத்தப்படவில்லை. நானாக இருந்தால் ஒரு நாளாவது வருத்தப்பட்டிருப்பேன்.

ஆனால் சில விஷயங்களை எடுக்கவில்லை. கடைசி நாள் தங்கை மகன் லினக்ஸின் மூல நிரலைத் திறந்து ஒரு சின்னக் கோப்பைக் காட்டினான். சீரியல் போர்ட்டுகளுக்கானது. இந்தப் பழைய போர்ட்டுகள் குரல் கொடுக்காதவை. அதனால் மனிதர்களே எழுதி வைத்த நான்கு வரி இன்னும் இருக்கிறது. 3எஃப்8, 2எஃப்8, 3ஈ8, 2ஈ8 என்று நான்கு முகவரி. பக்கத்தில் மணி எண்: 4, 3, 4, 3.

"பெரியம்மா, இதைப் பாருங்க. ஒண்ணாவது போர்ட்டும் மூணாவது போர்ட்டும் ஒரே மணி. ஒண்ணுல மவுஸ், மூணுல மோடம்னு வெச்சா மோடம் எடுத்ததும் மவுஸ் நின்னுடும். அந்தக் காலத்துல இது எல்லார் வீட்லயும் நடந்த கதை."

நான் எழுந்து உள்ளே போனேன். பள்ளிக் கணினியைக் கழிவு ஏலத்தில் போட்டபோது, அந்த மோடம் கார்டு ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறாத சாமான் என்பதால் என் டிரங்குப் பெட்டிக்கு வந்துவிட்டது. எடுத்து வந்து கொடுத்தேன். தூசியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தான். கார்டின் மேலேயே வெள்ளை எழுத்தில் கட்டம் கட்டி, எந்த ஜம்பர் எந்த போர்ட், எந்த மணி என்று அச்சிட்டிருந்தது. தொப்பி மூன்றாவது போர்ட்டிலும் 4-ஆம் மணியிலும் நின்றது. அலுவலகத்தில் யாரோ போட்டபடியே. பக்கத்தில் 5 காலியாக இருந்தது.

"இந்தத் தொப்பியை 5-க்கு மாத்திட்டு விண்டோஸ்லயும் 5-னு சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை பெரியம்மா. மாட்டினவர் மேல தப்பே இல்லை."

அந்தப் பையன் அன்றைக்குச் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடித்தது. பதின்மூன்று வயதில் எந்தப் புத்தகமும் இல்லாமல், பார்த்து, யோசித்துச் சொன்னான். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நான் அதைக் காதில் வாங்கவில்லை.

தம்பி, உன் பெயரை இங்கே போடவில்லை. படித்தால் உனக்குத் தெரியும். நீ எதையும் கெடுக்கவில்லை. நான்தான் தப்புச் செய்தேன், மன்னித்துவிடு. அப்பா இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டு. அந்த 150 ரூபாயை நேரில் வந்து கொடுக்க எனக்கு ஆசை, எங்கே இருக்கிறாய் என்று மட்டும் உள்பெட்டியில் எழுது. கோபம் இருந்தால் அதையும் எழுது. கார்டு என்னிடம்தான் இருக்கிறது. அது உன்னுடையது, வந்து எடுத்துக்கொள்.